லாத்தாவின் மூக்கு

போன வருடம் ஜூன் மாதம் கம்பெனிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், தகரக் கொட்டகையில் ஆரம்பித்து இப்போது டைல்ஸ் ஒட்டிய சுவர் வரைக்கும் வந்திருக்கிற ஒரு நண்டு கம்பெனி. வேகவைத்த நண்டு பெட்டி பெட்டியாக வரும். முப்பத்தெட்டுப் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சதை எடுப்பார்கள். டப்பாவில் போட்டு ஐஸ் வைத்துப் பெரிய கம்பெனிக்கு அனுப்புவோம். அவர்கள் டின்னில் அடைத்துக் கப்பல் ஏற்றுவார்கள். எங்களிடம் எடை போட்டு, வெப்பநிலை குறித்து, ஸ்டிக்கர் ஒட்டி, நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பையன் பஹ்ரைனுக்குப் போய்விட்டான். போகிற அன்று காலையில்தான் எனக்கே தெரியும். முதல் நாள் சாயங்காலம்கூட, தராசுக்கு முத்திரை வைக்கிற தேதி நெருங்குதுண்ணே என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

பிளஸ் டூ போதும் என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். மூன்று நாளில் அறுபத்துநாலு பயோடேட்டா வந்துவிட்டது. அதில் பி.இ. மட்டும் இருபதுக்கு மேல். மெக்கானிக்கல் முடித்தவன், சிவில் முடித்தவன், கோயம்புத்தூரில் இரண்டு வருடம் வேலை பார்த்துத் திரும்பி வந்தவன். எம்.காம். படித்து இரண்டு குழந்தையோடு இருக்கிற ஒரு பெண். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் பிரித்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பி.இ. எல்லாவற்றையும் தள்ளினேன். நிக்க மாட்டாங்க. பிறகு மற்ற டிகிரிக்காரர்கள். அவர்களும் நிற்க மாட்டார்கள். பாஸ்போர்ட் நம்பரையே பயோடேட்டாவில் எழுதி வைத்திருந்த இரண்டு பேரைச் சிரித்துக்கொண்டே தள்ளினேன். கடைசியில் பிளஸ் டூ மட்டும் படித்த ஏழு பேர் மிஞ்சினார்கள். அதில் கையெழுத்து நன்றாக இருந்த ஒரு பெண்ணை எடுத்தேன். அறுபத்துநாலில் ஒருவரை ஒரு மணி நேரத்தில் தேர்ந்தெடுத்துவிட்ட திருப்தியோடு தூங்கினேன்.

அதே ஜூனில் சதை எடுக்கிற மேசைக்கு நாலு கை கிடைக்காமல் அலைந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நாற்காலி வேலைக்கு அறுபத்துநாலு பேர், முக்காலி வேலைக்கு ஒருவர்கூட இல்லை. இந்தப் பக்கத்தில் நாலு முதலாளிகள் டீக்கடையில் சேர்ந்தால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். நூறு நாள் வேலையில் அரசாங்கமே 336 ரூபாய் கூலி போட்டுட்டான், அப்புறம் எவ வருவா என்பார் ஒருத்தர். 2023 செப்டம்பரில் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பிச்சதுல இருந்து திமிர் ஏறிருச்சு என்பார் இன்னொருத்தர். ஆயிரம் ரூபாயில் ஒரு மாதம் யார் உட்கார்ந்து சாப்பிட முடியும் என்று நான் கேட்டதில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். உண்மையில் எங்களை ஆட்டிவைத்தது 2021 மே மாதம் வந்த இலவச டவுன் பஸ்தான். அதற்கு முன்பு எந்தக் கம்பெனி வேன் அவர்கள் தெருமுனையில் நிற்குமோ அந்தக் கம்பெனிதான் அவர்களுக்கு. வேன் என்பது கயிறு. பஸ்ஸில் காசு இல்லை என்றதும் கயிறு அறுந்துவிட்டது. நாலு ஸ்டாப் தள்ளி இருக்கிற கம்பெனியில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடக் கிடைத்தால் போய்விடலாம். இதை நாங்கள் ஆள் பற்றாக்குறை என்று சொல்லிக்கொள்கிறோம்.

சரி, அந்தப் பெண் விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை கடைசியில் பெரிய கம்பெனியிலிருந்து லேப் ரிப்போர்ட் ஒன்று வந்தது. எப்போதும் கடைசி வரியில் பாஸ் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஆணியில் குத்தி வைப்பேன். அன்றைக்கு மேசை மேல் கிடந்ததை அந்தப் பெண் எடுத்துப் பார்த்தாள். "சார், பாஸ்தான். ஆனா போன மூணு ரிப்போர்ட்டும் கூட எடுத்துப் பாருங்க. கிருமிகளோட மொத்த எண்ணிக்கை ஏறிக்கிட்டே வருது. ஸ்டெபைலோகாக்கஸ்ங்கிற கிருமி எல்லைக் கோட்டுக்கு ரொம்பக் கிட்ட வந்துருச்சு. இது நண்டுல இருந்து வர்றதில்ல, கையில இருந்து வர்றது" என்றாள். சொல்லி முடித்தபிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. ரிப்போர்ட்டை மெதுவாக வைத்துவிட்டு, தராசைத் துடைக்கப் போய்விட்டாள்.

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி. முதல் வகுப்பு. நான் கேட்டபோது மறைக்கவில்லை. "முன்னாடி ரெண்டு எடத்துல எம்.எஸ்சி.ன்னு எழுதிக் குடுத்தேன் சார். நீ நிக்க மாட்டம்மான்னு அனுப்பிட்டாங்க. அதான் பிளஸ் டூன்னு போட்டேன். பிளஸ் டூ படிச்சதும் உண்மைதான சார்?" என்றாள். அந்த இரண்டு இடம் எது என்று நான் கேட்கவில்லை. அது என் கம்பெனியாக இருந்திருந்தாலும் அதே வாக்கியம்தான் வந்திருக்கும். அதே ஒருமை, அதே 'ம்மா'. அந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று அன்று ராத்திரி எண்ணிப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது அது இல்லை. இதற்கு முன்பே இது எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. இரண்டு முறையும் பாடம் படித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காயம்

நண்டு சதை எடுக்கிற வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்காதவர்களுக்கு அது ஏதோ உரித்துப் போடுகிற வேலை மாதிரித் தெரியும். நீலக்கால் நண்டின் பின்னால் துடுப்பு மாதிரி இரண்டு கால் இருக்கும், நீந்துவதற்கு. அந்தத் துடுப்பை ஆட்டுகிற தசைதான் ஜம்போ. ஒரு நண்டுக்கு இரண்டே இரண்டு. மேல் ஓட்டைக் கழற்றி, பூ என்கிற செவுளைச் சுரண்டி, உடம்பை இரண்டாக வெட்டி, கத்தி நுனியால் ஒரு கீறல் போட்டு, துடுப்புக் காலைப் பிடித்து லேசாகத் திருகினால் ஜம்போ நுங்குச் சுளை மாதிரி முழுசாக வழுக்கிக்கொண்டு வர வேண்டும். திருகுவதில் ஒரு நூல் தப்பினால் உடையும். உடைந்தது அடுத்த கிரேடு. விலை அங்கேயே இறங்கிவிடும். பிறகு எல்லாவற்றையும் நீல விளக்குக்குக் கீழே வைத்துப் பார்ப்போம், ஓட்டுத் துணுக்கு இருந்தால் மின்னும். இதெல்லாம் நாள் முழுக்க ஈரக் கையோடு. வெந்த ஓடு பிளேடு மாதிரி இருக்கும். விரல் கீறாத நாள் கிடையாது. தண்ணீரிலேயே ஊறுவதால் கீறல் ஆறவும் ஆறாது.

கையில் காயம் இருந்தால் மேசையில் உட்காரக் கூடாது என்பது விதி. நான் போட்டதில்லை, வாங்குகிறவர்கள் போட்டது, சரியான விதியும்கூட. எடுத்த கிலோவுக்குத்தான் கூலி. மேசையில் உட்காராவிட்டால் அன்றைக்குக் காசு இல்லை. அதனால் எங்கள் கம்பெனியில் யாருக்கும் காயமே வராமல் இருந்தது! மாதக் கணக்காக நோட்டில் 'காயம்: இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஒரு லாட் முழுசாகத் திரும்பி வந்தது. சதையில் குளோராம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததாம். அந்த மருந்து உணவில் துளிகூட இருக்கக் கூடாது, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதற்கு மன்னிப்பே இல்லை. கடலில் பிடிக்கிற நண்டுக்கு யார் ஊசி போட்டது என்று நான் கத்தினேன். பெரிய கம்பெனியிலிருந்து வந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் பெண்கள் பை வைக்கிற அலமாரிக்குப் போய் நின்றார். பை ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டியூப். மருந்துக் கடையில் சல்லிசாகக் கிடைக்கிற களிம்பு. ராத்திரி காயத்தில் தடவிக்கொண்டு காலையில் வந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இது எங்களுக்கு மட்டும் வந்த நோய் இல்லை, வெளிநாடுகளிலும் நண்டு சதையில் இப்படிக் கைக் களிம்பு வழியாக மருந்து ஏறியது உண்டு என்று அவர்தான் சொன்னார்.

அன்றைக்கு நான் ஒரு நல்ல காரியம் செய்தேன், அதைச் சொல்லாமல் விட மாட்டேன். கையில் காயம் என்று வந்து காட்டினால் ஐஸ் உடைக்கிற பக்கமோ தட்டு கழுவுகிற பக்கமோ மாற்றி விடுவோம், போன வாரச் சராசரிக் கூலி அப்படியே உண்டு என்று அறிவித்தேன். மறுநாள் காலையில் ஐந்து பேர் வந்து கையை நீட்டினார்கள். அதில் இரண்டு காயம் பதினைந்து நாள் பழசு. அதற்குப் பிறகு நான் போகிற கூட்டங்களில் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லித் திரிந்தேன். என்னைப் போல ஆள் மேய்க்கத் தெரிந்தவன் இந்தக் கடற்கரையில் இல்லை என்று ஒரு நினைப்பு.

மூக்கு

வேதாளையிலிருந்து வருகிற ஓர் அம்மா உண்டு. எங்கள் கொட்டகையில் ஆளை ஊர்ப் பேரை வைத்துக் கூப்பிடுவதுதான் வழக்கம். சின்னப்பாலத்துப் பிள்ளை, தங்கச்சிமடத்து அக்கா என்று. இவரை எல்லோரும் வேதாளை லாத்தா என்பார்கள், நானும் அப்படித்தான். லாத்தா என்றால் அக்கா. முதல் நாளிலிருந்து இருக்கிறார். சதை எடுப்பதில் நடுத்தர வேகம்தான். அவருடைய வேலை வேறு. காலையில் பெட்டியைத் திறந்ததும் மாஸ்க்கை இறக்கி, குனிந்து ஒரு மூச்சு. அவ்வளவுதான். "இது வேணாம்" என்றால் அந்தப் பெட்டி திரும்பிப் போகும். உயிரோடு வேகவைத்த நண்டும், வலையிலேயே செத்துக் கிடந்து பிறகு வெந்த நண்டும் பார்வைக்கு ஒன்றுதான். கலந்துவிட்டால் ஒரு நண்டு பெட்டியையே கெடுக்கும். லாத்தா மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். நோன்பு மாதத்தில் இன்னும் கூர்மையாக இருக்கும் என்று மற்ற பெண்கள் சொல்வார்கள். பெட்டி திறப்பதற்கு என்று அவருக்குத் தினம் 150 ரூபாய் தனியாக உண்டு.

ஒருத்தருடைய மூக்கை நம்பி ஒரு தொழில் நடக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இன்னொரு ஆளுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். "மூக்க எப்படித் தம்பி சொல்லிக் குடுக்கிறது" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். அது கடவுள் கொடுத்த வரம் என்று நானும் நம்பிவிட்டேன்.

2021-இல் கொரோனா இரண்டாவது அலை. அந்த மே, ஜூனில் தடைக்காலமும் ஊரடங்கும் ஒன்றாக வந்தது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் வழக்கமாக உள்ள தடைதான். அதை எங்கள் தொழில் தாங்கிக்கொள்ளும். அந்த நாட்களில் நாட்டுப்படகுக்காரர்கள் நண்டு வலை போடுவார்கள். அந்த வருடம் அதுவும் இல்லை. வேதாளையில் பல வீட்டில் காய்ச்சல் என்றார்கள், லாத்தாவுக்கும் வந்து போனதாகக் கேள்விப்பட்டேன். ஜூலையில் திறந்தோம். எல்லோரும் வந்தார்கள். லாத்தாவும் வந்து, மாஸ்க்கை இறக்கி, குனிந்து, "இது வேணாம்" என்றார்.

அக்டோபரில் ஒரு லாட் திரும்பியது, புளித்த வாடை என்று. பத்து நாளில் இன்னொன்று. ஐஸைச் சந்தேகப்பட்டேன், ஐஸ் மாற்றினேன். வேன் டிரைவர் வழியில் நிறுத்தித் தூங்குகிறானா என்று அவன் பின்னாலேயே பைக்கில் போனேன். வேகவைக்கிற இடத்துக்காரனோடு சண்டை போட்டேன். லாத்தா பக்கம் என் புத்தி போகவே இல்லை.

நவம்பர் முதல் வாரம். மழையால் ஓடு அள்ளுகிற டிராக்டர் இரண்டு நாள் வரவில்லை. பின்பக்கம் குவிந்து கிடந்த நண்டு ஓடு என்ன ஆகியிருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மூன்றாம் நாள் டிராக்டர் வந்து, குவியலைக் கிளறினான். யாரோ பின்கதவைத் திறந்தார்கள். வாடைக்காற்று அந்தப் பக்கம்தான். ஒரு நொடியில் மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் மாஸ்க்குக்கு மேல் முழங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்கள். எனக்கு வயிற்றைப் புரட்டியது. லாத்தா ஒரு ஜம்போவைத் திருகிக்கொண்டிருந்தார். திருகி முடித்து, தட்டில் வைத்து, அடுத்த பாதியைக் கையில் எடுத்தார். அப்புறம்தான் சுற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டு, அவரும் முழங்கையைத் தூக்கி மூக்கில் வைத்தார். அவ்வளவு நிதானமாக. கதவு மூடியபிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை, மற்றவர்கள் எப்போது எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு நிறுத்திக் கேட்டேன். மறுக்கவில்லை. வாடை தெரிவது மே மாதமே போய்விட்டதாம். கருவாடு வறுத்தாலும் தெரியவில்லை, அத்தரும் தெரியவில்லை. நாலு மாதமாக எப்படிப் பெட்டி திறந்தீர்கள் என்றேன். பக்கத்தில் உட்காருகிற சின்னப்பாலத்துப் பிள்ளைதான். லாத்தா குனியும்போது அவளும் தட்டை எடுக்கிற மாதிரிக் குனிவாளாம். கெட்டுப்போயிருந்தால் மேசைக்குக் கீழே லாத்தாவின் காலை ஒரு மிதி. திரும்பி வந்த அந்த இரண்டு லாட்டும் அவள் லீவு போட்ட நாட்களில் போனவை.

"ஏன் லாத்தா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க தம்பி?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும். பாவம் என்று சொல்லியிருப்பேன், அந்த 150-ஐ நிறுத்தியிருப்பேன், வயதாகிவிட்டது என்று நண்டுக்காலில் சதை எடுக்கிற மேசைக்கு அனுப்பியிருப்பேன், அங்கே கூலி பாதி. இதில் எதையும் நான் வாயால் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

மூன்று நாள் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். இரண்டு லாட்டுக்கும் நஷ்டக் கணக்குப் போட்டு, மாதம் எவ்வளவு பிடிக்கலாம் என்றுகூட ஒரு தாளில் எழுதினேன். நாலாம் நாள்தான் வேறொன்று புத்தியில் தட்டியது. மூக்கைச் சொல்லிக் கொடுக்க முடியாது என்ற அந்த அம்மா, நாலு மாதத்தில் ஒரு பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்து முடித்திருக்கிறார். அவள் இருந்த நாட்களில் ஒரு பெட்டிகூடத் தப்பவில்லை. நான் வருடக்கணக்காகக் கேட்டு நடக்காதது, எனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக நடந்திருக்கிறது. சும்மா இருக்கும்போது ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை? இன்னொருத்திக்குத் தெரிந்துவிட்டால் அந்த 150 ரூபாய் யாருக்குப் போகும்? என் கேள்வியிலேயே அவர் வேலை போகிற வழி இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

வேலை அருகிப் போன ஊரில் முதலாளி வைத்ததுதான் சட்டம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் நடந்துகொள்கிறோம். ஒருத்தி போனால் பத்துப் பேர் என்ற தெம்பு. ஆனால் வெளியே பத்துப் பேர் நிற்பது உள்ளே இருக்கிறவளுக்கும் தெரியுமே. அவள் என்னிடம் எதைச் சொல்வாள்? காயத்தைச் சொல்ல மாட்டாள், மூக்கைச் சொல்ல மாட்டாள், மூன்றாம் மாதத்தைச் சொல்ல மாட்டாள், படித்த படிப்பைச் சொல்ல மாட்டாள். எனக்குத் தெரிந்தே ஆக வேண்டியது எதுவோ அதுதான் மறையும். களிம்பு விஷயத்தில் கையைக் காட்டினால் காசு உண்டு என்று சொன்னதும் ஐந்து கை நீண்டதைப் பார்த்தவன் நான். அதைக் காயத்துக்கான மருந்து என்று நினைத்துவிட்டேன்.

லாத்தாவுக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஆளுக்கு 150 என்று போட்டேன். ஒரே வேலைக்கு இரண்டு பேருக்குக் காசா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். திரும்பி வந்த ஒரு லாட்டின் விலையைச் சொன்னதும் கேள்வி நின்றது.

நாள் போடுவது

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியது. பேப்பரில் எல்லாம் இறாலைப் பற்றித்தான் எழுதினார்கள். எங்களுக்கு ஒரு போன் வந்தது, அவ்வளவுதான்: இனிமேல் வாரத்துக்குப் பாதிதான் எடுப்போம். பாதிச் சரக்குக்கு முப்பத்தெட்டுப் பேர் எதற்கு? கூட்டிக் கழித்துப் பார்த்துப் பன்னிரண்டு பேரையாவது முதலில் நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தேன். யார் யார் என்று லாத்தாவிடம் லிஸ்ட் கேட்டேன். என் கை அழுக்காகக் கூடாது என்ற எண்ணம்தான், வேறென்ன.

இரண்டு நாள் கழித்து வந்தார். கையில் தாள் இல்லை.

"பன்னெண்டு பேர எடுக்க வேணாம் தம்பி. மூணு நாளு ஒரு கூட்டம் வரட்டும், மூணு நாளு இன்னொரு கூட்டம் வரட்டும்."

"எல்லாருக்கும் பாதிக் கூலிதான லாத்தா வரும்?"

"கடலையே நாள் போட்டுத்தான வச்சிருக்காக. வாரத்துல மூணு நாளு விசைப்படகு, மிச்ச நாளு நாட்டுப்படகு. அம்புட்டுப் பெரிய கடலு. இந்த மேசைக்கு நாள் போட முடியாதாக்கும்?"

ராமேஸ்வரம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன், அந்த ஏற்பாட்டைத் தினமும் பார்க்கிறவன். விசைப்படகுக்குக் கடலுக்குப் போக டோக்கன் இல்லாத நாளில் என் கொட்டகைக்கு நாட்டுப்படகு நண்டு வருவதே அதனால்தான். ஆனால் அதை மேசையோடு சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றியதில்லை. முப்பத்தெட்டுப் பேரிடமும் அவர் முன்கூட்டியே பேசிவிட்டு வந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவும் எனக்குத் தெரியாமல்தான் நடந்திருக்கிறது.

நாள் போட்டோம். இது வெற்றிக் கதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்டோபரில் இரண்டு முக்காலி காலியாகக் கிடந்தது. எங்கள் கொட்டகையின் இரண்டு வேகமான கைகள், மற்றவர்களைப் போல ஒன்றரை மடங்கு எடுக்கக் கூடியவர்கள். ஒருத்தி தொண்டிப் பக்கம் வேறொரு கம்பெனிக்கு, இன்னொருத்தி புருஷனோடு திருப்பூருக்கு. மூன்று நாள் கூலியில் அவர்களுக்குக் கட்டுபடியாகவில்லை. நியாயம்தானே? மெதுவான கை பாதியாவது வாங்கட்டும் என்பதற்காக வேகமான கை பாதியை விட வேண்டும் என்றால், அது எந்தக் கணக்கு? படகில்கூட டிரைவருக்குப் பங்கு கூடத்தான். வேகமான நாலைந்து பேருக்கு மட்டும் நாலு நாள் கொடுக்கலாமா என்று லாத்தாவிடம் கேட்டேன். "யாருக்குன்னு நீங்க சொல்லுங்க தம்பி. என்னையச் சொல்லச் சொல்லாதீக" என்றார். பெயர் எழுத உட்கார்ந்தேன். முதல் மூன்று பெயர் சுலபமாக வந்தது. நாலாவது இடத்துக்கு மூன்று பேர் இருந்தார்கள். தாளை மடித்து வைத்துவிட்டேன், இன்னும் மடித்தபடிதான் இருக்கிறது. அந்த இரண்டு கையைப் போகவிட்டது சரியா தப்பா என்று எனக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஜம்போ உடைகிற ஒவ்வொரு நாளும் அவர்கள் ஞாபகம் வருகிறது.

போவதற்கு முதல் நாள் வரை இருவரும் வாயே திறக்கவில்லை என்பதும் உறுத்துகிறது. காயத்துக்கு ஒரு வழி, மூக்குக்கு ஒரு வழி என்று கண்டுபிடித்தேன். போகப் போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்கிறவளுக்கு என்ன கொடுப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. சொன்ன அன்றிலிருந்து அவளை நான் எப்படிப் பார்ப்பேன் என்பது அவளுக்குத் தெரியும்.

லாத்தாவுக்கு மூக்கு பாதி திரும்பியிருக்கிறது. நடுவில் ஒரு வருடம் எல்லாம் கருகின வாடையாகவே தெரிந்ததாம், காப்பிகூட. இப்போது சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. காலையில் செருப்பைக் கழற்றும்போதே "இன்னைக்கு மூக்கு இல்ல தம்பி" என்று, மழை வரும் போலிருக்கு என்கிற மாதிரிச் சொல்லிவிட்டு உள்ளே போவார். அன்றைக்குச் சின்னப்பாலத்துப் பிள்ளை முதல் பெட்டியைத் திறப்பாள்.

எம்.எஸ்சி. பெண்ணை லேப் வேலைக்கு என்று மாற்றிச் சம்பளமும் கொஞ்சம் ஏற்றினேன். பெரிதாக ஒன்றும் இல்லை, இந்த வியாபாரத்தில் முடிந்தது. கை கழுவுகிற இடத்தில் குழாயை முழங்காலால் தள்ளித் திறக்கிற மாதிரி மாற்றச் சொன்னாள், மாற்றினோம். ரிப்போர்ட்டில் எண்ணிக்கை இறங்கியது. போன மாதம் சனி, ஞாயிறு இரண்டு நாள் லீவு வேண்டும் என்று வந்து நின்றாள். சொந்தத்தில் கல்யாணம், மதுரையில் என்றாள். சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையாக ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கையில் ஹால் டிக்கெட்டும் கருப்பு பால்பாயிண்ட் பேனாவுமாக ஒரே கூட்டம், ஏதோ அரசுத் தேர்வு. திங்கட்கிழமை காலையில் அவள் எனக்கு முன்னால் வந்து வெப்பமானியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் எப்படிம்மா?"

"நல்லா நடந்துச்சு சார்."

"சாப்பாடு?"

ஒரு நொடி யோசித்தாள். "பிரியாணி சார்" என்றாள்.

விரலில் பேனா மை இருந்தது. மேசைக்குப் போகுமுன் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளச் சொன்னேன்.